மோட்டார் ஓடும்போது மட்டும் காணாமல் போகும் 40 வோல்ட்

பதிவு 1 | தோட்டக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மீட்டரிலிருந்து தோப்பில் இருக்கிற போர்வெல்லுக்கு 200 மீட்டர் தூரம். உள்ளே ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரைப் பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைத்திருக்கிறோம். சாயங்காலம் ஆனால் மோட்டார் எடுக்க மாட்டேன் என்கிறது. உறுமிவிட்டு டிரிப் ஆகிறது. காலையில் எடுத்தாலும் தண்ணீர் விழுவது சுமார்தான்.

மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டார் நிற்கும்போது வீட்டில் 218 வோல்ட், போர் பெட்டியிலும் 218. மோட்டார் ஓடும்போது வீட்டில் 212, போர் பெட்டியில் 172. கிளாம்ப் மீட்டர் 11 ஆம்பியர் காட்டுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். ஒயர் சரியில்லை என்றால் மோட்டார் நிற்கும்போதும் வோல்ட் குறைந்துதானே இருக்க வேண்டும்? அப்போது முழுசாக 218 வருகிறது. ஓடும்போது மட்டும் 40 வோல்ட் எங்கே போகிறது? வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டியின் உயரம் மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். குழாயைத் திறந்தால் தொட்டியின் உயரம் குறையுமா என்ன?


பதிவு 2 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

தம்பி, அந்தத் தூரத்துக்கு அந்த ஒயர் பத்தாது. 6 ஸ்கொயர் போடுங்கள். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, அதைக் கழற்றித் தூக்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.


பதிவு 3 | தோட்டக்காரன்

//6 ஸ்கொயர் போடுங்கள்//

போடலாம் ஐயா. 200 மீட்டருக்கு இரண்டு கம்பி என்றால் செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. காரணம் தெரிந்துவிட்டால் மனசு ஆறும்.


பதிவு 4 | பிளஸ்டூ டீச்சர்

உங்கள் அளவுகளே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டன. இரண்டு இடத்திலும் குறித்து வைத்ததற்குப் பாராட்டு. பெரும்பாலோர் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள்.

வோல்ட் என்பது ஒயருக்குள் நிரம்பியிருக்கிற சரக்கு இல்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரு கூலோம் மின்னூட்டம் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலை வழியில் இறக்கிவிட்டுப் போகிறது என்ற கணக்குதான் அது. கூலோமுக்கு 1 ஜூல் இறக்கினால் 1 வோல்ட். ஆகவே 'இந்த ஒயரில் 218 வோல்ட் இருக்கிறது' என்பது பாதி வாக்கியம். எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் என்று சொன்னால்தான் முழுசாகும்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம். 11 ஆம்பியர் என்றால் நொடிக்கு 11 கூலோம். ஒவ்வொரு கூலோமுக்கும் வீட்டு மீட்டரில் 212 ஜூல் கிடைக்கிறது. மோட்டாரிடம் போய்ச் சேர்வது 172 ஜூல். மீதி 40 ஜூல் போகும் ஒயரிலும் திரும்பும் ஒயரிலுமாகச் சூடாக இறங்கிவிடுகிறது. நொடிக்கு 11 கூலோம், ஆளுக்கு 40 ஜூல், 440 வாட். ஒரு மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட அரை யூனிட் கரண்ட்டை மண்ணைச் சூடாக்கவே செலவிடுகிறீர்கள். 400 மீட்டர் ஒயரில் பரவுவதால் மீட்டருக்கு ஏறக்குறைய 1 வாட்தான் வரும். கை வைத்துப் பார்த்தால் தெரியாது.

அப்புறம், நிற்கும்போது ஏன் குறையவில்லை? அப்போது ஒயரில் ஓடுவது உங்கள் மல்ட்டிமீட்டர் எடுக்கிற கரண்ட் மட்டுமே. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை ஒரு கோடி ஓம். 218 வோல்ட்டில் அது எடுப்பது ஓர் ஆம்பியரின் லட்சத்தில் இரண்டு பங்கு. அந்தத் துளி கரண்ட் ஒயரில் இறக்குகிற வோல்ட்டைக் காட்ட எந்தக் கடை மீட்டராலும் முடியாது. உங்கள் ஒயரில் 3 ஓமுக்குப் பதில் 3000 ஓம் மின்தடை இருந்தாலும், மோட்டார் நிற்கும்போது மீட்டர் 218 என்றேதான் சொல்லும். லோடு இல்லாமல் எடுத்த அளவு ஒயரைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி உவமையை வைத்தே சொன்னால், தொட்டியின் உயரம் குறையாது, ஆனால் தண்ணீர் ஓடும்போது குழாயின் கடைசியில் அழுத்தம் குறையும். அத்தோடு அந்த உவமையை விட்டுவிடுவது நல்லது. குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும். ஒயரை அறுத்தால் கரண்ட் நின்றுபோகும்.

சரி, கணக்கு. 2.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். போக வர 400 மீட்டர், ஆகவே 2.96 ஓம். 11 ஆம்பியருக்கு 32.6 வோல்ட் இறங்க வேண்டும். நீங்கள் அளந்தது 40. ஏழு வோல்ட் உதைக்கிறது. ஒயரின் கணக்கில் வராத அந்த 7 வோல்ட் எங்கேயோ ஒரே இடத்தில் இறங்குகிறது என்று எனக்குச் சந்தேகம். நடுவில் ஜாயின்ட் ஏதாவது இருக்கிறதா?


பதிவு 5 | குறுக்குவழி

இவ்வளவு கணக்கு எதற்கு? போர் பெட்டியில் ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், 172ஐ 230 ஆக்கிவிடும். முடிந்தது கதை.


பதிவு 6 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

//172ஐ 230 ஆக்கிவிடும்//

ஆக்கும். எங்கிருந்து ஆக்கும்? அது ஆற்றலைத் தயாரிக்கிற பெட்டி இல்லை. வோல்ட்டை ஏற்றித் தர வேண்டுமானால் ஒயரிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கூடுதல் ஆம்பியர் ஓடினால் ஒயரில் இன்னும் வோல்ட் இறங்கும், 172 வந்த இடத்தில் 160 வரும். அதை ஏற்ற ஸ்டெபிலைசர் இன்னும் இழுக்கும். சண்டை எங்கேயோ ஒரு இடத்தில் நிற்கும், ஆனால் ஒயர்தான் அடி வாங்கும். ஈபி பக்கமே வோல்ட் குறைவாக வருகிறவர்களுக்கு அது உதவும். இவருக்கு வீட்டில் 212 வருகிறது, அங்கே குறையில்லை.


பதிவு 7 | தோட்டக்காரன்

டீச்சர், நீங்கள் போக வர என்று இரண்டு ஒயரையும் சேர்த்தீர்கள். நியூட்ரலில்தான் வோல்ட்டே கிடையாதே? டெஸ்டர் வைத்தால் எரியாது. வோல்ட் இல்லாத ஒயரில் எப்படி வோல்ட் இறங்கும்?

ஜாயின்ட் பற்றிக் கேட்டீர்கள். நடுவில் ஒரு ஜாயின்ட் இருக்கும் என்று அப்பா சொல்கிறார். தேங்காய் லாரி ஏறிப் பைப் உடைந்தபோது யாரோ வந்து ஒட்டுப்போட்டார்களாம். எந்த இடம் என்று அவருக்கு நினைவில்லை.


பதிவு 8 | பிளஸ்டூ டீச்சர்

//வோல்ட் இல்லாத ஒயரில் எப்படி வோல்ட் இறங்கும்?//

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. நியூட்ரலுக்கு 'வோல்ட் இல்லை' என்று சொல்வது பூமியோடு ஒப்பிட்டு, அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அதை எர்த் செய்திருக்கிற இடத்தில். அங்கிருந்து தள்ளிப் போகப் போக, கரண்ட் ஓடும்போது, நியூட்ரலும் பூமியைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். பேஸில் ஓடுகிற அதே 11 ஆம்பியர்தான் நியூட்ரலிலும் ஓடுகிறது. அதே நீளம், அதே தடிமன் என்றால் அதே இழப்பு. 33 வோல்ட்டில் பாதி, சுமார் 16 வோல்ட், நியூட்ரலின் பங்கு.

டெஸ்டரில் இருக்கிற நியான் பல்ப் பற்றிக்கொள்ளவே ஏறக்குறைய 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 16 வோல்ட்டை அது கண்டுகொள்ளாது. டெஸ்டர் எரியவில்லை என்பதற்காகச் சுழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.


பதிவு 9 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

டீச்சர் சொன்னதை வைத்தே ஜாயின்ட் எந்தக் கம்பியில் என்று கண்டுபிடித்துவிடலாம். தம்பி, மோட்டார் ஓடும்போது போர் பெட்டியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாருங்கள். 16 இந்த ஒயருக்கு, ஈபி பக்கம் குறைகிற 6 வோல்ட்டில் பாதி 3. ஆக 19, 20 காட்டினால் நியூட்ரல் சுத்தம், கோளாறு பேஸ் ஒயரில். அதற்கு மேல் காட்டினால் நியூட்ரலில்.

பெட்டிக்கு முன்னால் ரப்பர் செருப்பு போட்டு நில்லுங்கள், ஈர மண்ணில் வேண்டாம். மீட்டர் ஒயரின் முனையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். வீரம் வேண்டாம்.


பதிவு 10 | சந்தேகப்பிராணி

பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற ஒன்று. ஒரு சூத்திரம் வாட் என்பது ஆம்பியரின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது என்கிறது. அப்படியானால் மின்தடை கூடினால் சூடு கூடும். இன்னொன்று வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கச் சொல்கிறது. அப்படியானால் மின்தடை கூடினால் சூடு குறையும். இரண்டும் ஒரே பாடத்தில் வருகிறது. எது சரி மேடம்?


பதிவு 11 | பிளஸ்டூ டீச்சர்

இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

வீட்டு பிளக்கில் ஒரு ஹீட்டரைச் செருகினால் அதன் இரண்டு முனைக்கும் 230 வோல்ட் கிடைத்தே தீரும். அங்கே மின்தடை குறைந்த ஹீட்டர் அதிகக் கரண்ட் எடுக்கும், அதிகமாகச் சுடும். வகுக்கிற சூத்திரம் கைக்கு வரும். ஆனால் இரண்டு பொருட்களை வரிசையாக இணைத்தால் இரண்டிலும் ஒரே கரண்ட். மின்தடை அதிகமானவர் அதிக வோல்ட்டை எடுத்துக்கொள்வார், அதிகமாகச் சுடுவார். பெருக்குகிற சூத்திரம் வரும்.

பழைய குண்டு பல்ப் இரண்டு கிடைத்தால் செய்து பார். 60 வாட் பல்பின் மின்தடை (எரியும்போது) சுமார் 880 ஓம், 100 வாட்டுக்குச் சுமார் 530. வரிசையாக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் 60 வாட் பல்ப்தான் பிரகாசமாக எரியும். கணக்குப்படி அதற்கு 144 வோல்ட், 100 வாட்டுக்கு 86 வோல்ட். நிஜத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக மின்தடை ஏறுகிற பொருள். குளிர்ந்து கிடக்கிற 100 வாட் பல்பை மீட்டரில் பார்த்தால் 40 ஓம் பக்கத்தில்தான் காட்டும். சரியாகச் சூடேறாத 100 வாட் பல்ப் தன் பங்கு வோல்ட்டை இன்னும் இழந்துவிடும்.


பதிவு 12 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

இதைத்தான் நாங்கள் சீரியஸ் போர்டில் தினமும் செய்கிறோம், தம்பி. ரிப்பேர் பார்த்த மிக்சியை நேரடியாக லைனில் செருக மாட்டோம். 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை வரிசையில் போட்டுத்தான் செருகுவோம். மிக்சிக்குள் ஷார்ட் இருந்தால் அதன் மின்தடை சுழி. முழு 230 வோல்ட்டும் பல்புக்கே, பளிச்சென்று எரியும். காயில் சரியாக இருந்தால் வோல்ட் பங்காகி, பல்ப் மங்கலாக எரியும். லைன் கட் என்றால் எரியவே எரியாது. எல்ஈடி பல்பைப் போட்டு இந்தச் சோதனை செய்ய முடியாது, அதனால் குண்டு பல்பைக் கடைகளில் தேடித் தேடி வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.


பதிவு 13 | பனங்கீற்று

வணக்கம், டொரன்டோவிலிருந்து. இந்த வோல்ட் பஞ்சாயத்தைப் பார்த்தவுடன் எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் நினைவுக்கு வந்தது. இங்கே சுவர் பிளக்கில் 120 வோல்ட்தான். 1500 வாட் கேத்தில் 12.5 ஆம்பியர் எடுக்கும். 15 ஆம்பியர் சர்க்கியூட்டில் அதற்கு மேலே போக ஏலாது. லண்டனில் தங்கச்சி வீட்டில் 230 வோல்ட்டில் 3000 வாட் கேத்தில் 13 ஆம்பியரோடு நிற்கிறது, எங்கள் தண்ணீர் சூடாக முன்னம் அவள் தேத்தண்ணியே குடித்து முடித்துவிடுவாள். அடுப்புக்கும் உடுப்பு காய வைக்கிற மெஷினுக்கும் மட்டும் இங்கே 240 வோல்ட் தனியாக வரும்.

தோட்டக்காரன் அண்ணை இந்த ஊரில் 120 வோல்ட்டில் அந்த மோட்டரை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.


பதிவு 14 | பிளஸ்டூ டீச்சர்

//120 வோல்ட்டில் அந்த மோட்டரை//

அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பு. ஒயரில் இறங்குகிற வோல்ட் இரட்டிப்பு, சூடு நாலு மடங்கு. 33 வோல்ட்டுக்குப் பதில் 66 வோல்ட், அதுவும் 120இல். மோட்டார் திரும்பிக்கூடப் பார்க்காது.

தூரத்துக்குக் கரண்ட் அனுப்புகிறவர்கள் வோல்ட்டை ஏற்றுவது இதற்காகத்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வருகிற டிசி லைன் பிளஸ் மைனஸ் 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட் தாங்கும். இரண்டு முனைக்கும் நடுவில் 16 லட்சம் வோல்ட் என்பதால் 3750 ஆம்பியரில் வேலை முடிகிறது. அதையே 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் வேண்டும். எத்தனை தடிமன் கம்பி என்று கணக்குப் போட எனக்குப் பொறுமை இல்லை.


பதிவு 15 | குறுக்குவழி

சரி, ஸ்டெபிலைசர் வேண்டாம். நியூட்ரல் ஒயரில்தான் பாதி இழப்பு என்கிறீர்கள். அந்த ஒயரையே எடுத்துவிட்டு, நியூட்ரலைப் போருக்குள் இறக்கியிருக்கிற கேசிங் பைப்பில் கட்டிவிட்டால்? பூமி எவ்வளவு பெரிய கம்பி! எங்கள் பக்கம் பல தோட்டத்தில் அப்படித்தான் ஓடுகிறது. இருக்கிற இரண்டு ஒயரையும் சேர்த்து பேஸுக்கே போட்டுக்கொள்ளலாம்.


பதிவு 16 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

இந்த யோசனையைப் படிக்கிற யாரும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

பூமி பெரிய கம்பிதான். பைப்பிலிருந்து பூமிக்குள் இறங்குகிற இடம்தான் இடுக்கு. நல்ல ஈர மண்ணில் அந்த இடத்தில் 5 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் கேசிங் பைப் பூமியைவிட 50 வோல்ட் மேலே நிற்கும். கோடையில் மண் காய்ந்தால் 5 ஓம் 15 ஆகும், மோட்டார் ஓடுவதே கஷ்டம், பைப்பில் நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தண்ணீர் விழுகிற இடத்தில் ஈரக்காலோடு நிற்கிற மனுஷன் அந்தப் பைப்பைத்தான் பிடிப்பான். மாட்டுக்கு இன்னும் ஆபத்து: முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிற வோல்ட் முழுசும் அதன் நெஞ்சு வழியாகப் போகும். தோட்டத்தில் மாடு விழுந்தது, காரணம் தெரியவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சட்டப்படியும் குற்றம். வீட்டில் ஆர்சிசிபி போட்டிருந்தால் மோட்டார் போட்ட நொடியே டிரிப் ஆகும். 30 மில்லி ஆம்பியர் திரும்பி வராவிட்டாலே அது கட் செய்துவிடும், இங்கே மொத்தக் கரண்ட்டும் வேறு வழியில் போகிறது. டிரிப் ஆகிறதே என்று அதைக் கழற்றி எறிந்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.


பதிவு 17 | தோட்டக்காரன்

அளந்துவிட்டேன். மோட்டார் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 26 வோல்ட்!

அப்பாவோடு பைப் போகிற வழியில் நடந்து பார்த்தோம். மூன்றாவது தென்னை வரிசைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மண் லேசாக உள்வாங்கி இருந்தது. மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தோண்டினால் இரண்டு ஒட்டு. பேஸ் ஒட்டு பரவாயில்லை. நியூட்ரல் ஒட்டில் டேப் உருகிப் பிசின் மாதிரி ஒழுகியிருந்தது. உரித்தால் செம்பு கறுத்து, நடுவில் ஒரு சாண் அலுமினிய ஒயர்! நீளம் பத்தாமல் கையில் கிடைத்ததை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். முறுக்கின இடமெல்லாம் வெள்ளைப் பொடி. விரலால் தொட்டதும் ஓர் இழை ஒடிந்து கையோடு வந்துவிட்டது.


பதிவு 18 | பிளஸ்டூ டீச்சர்

19 எதிர்பார்த்தோம், 26 வந்தது; தொலைந்துபோன அதே 7 வோல்ட். எனக்கு இன்று சாப்பாடு தேவையில்லை.

7 வோல்ட், 11 ஆம்பியர்; அந்த ஒரு சாண் இடத்தில் 77 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்குகிற சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். மூன்று சால்டரிங் அயர்னை ஒன்றாகக் கட்டி மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த மாதிரி. 400 மீட்டர் ஒயரில் பரவிய 360 வாட் யாரையும் சுடவில்லை, ஒரே இடத்தில் சேர்ந்த 77 வாட் டேப்பை உருக்கிவிட்டது.

சந்தேகப்பிராணிக்கு ஒரு கேள்வி. அந்த ஒட்டின் மின்தடை 7ஐ 11ஆல் வகுத்தால் 0.64 ஓம். நல்ல ஒட்டு என்றால் சுழிக்குப் பக்கம், சூடு இல்லை. ஒட்டு முழுசாகப் பிரிந்துபோனால் மின்தடை முடிவிலி, அப்போது சூடு உண்டா?


பதிவு 19 | சந்தேகப்பிராணி

பிரிந்துபோனால் கரண்ட்டே ஓடாது, சூடும் இல்லை. அப்போ நடுவில் இருந்தால்தான் சூடா?


பதிவு 20 | பிளஸ்டூ டீச்சர்

அதேதான். மூடிய சுவிட்சில் கரண்ட் உண்டு, அதன் இரு முனைக்கு நடுவில் வோல்ட் இல்லை. திறந்த சுவிட்சில் முழு வோல்ட்டும் அதன் முனைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது, கரண்ட் இல்லை. இரண்டிலும் பெருக்கினால் சுழி. லூஸ் ஜாயின்டில் இரண்டும் சேர்ந்து இருக்கும். ஆரம்பத்தில் மின்தடை கூடக் கூடச் சூடும் கூடும், ஏனென்றால் கரண்ட்டைத் தீர்மானிப்பது மோட்டார், ஒட்டு அல்ல. சூட்டில் செம்பு இன்னும் கறுக்கும், மின்தடை இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும். வீட்டில் பிளக் பாயின்ட் பழுப்பேறுவதும் இதே கதைதான்.


பதிவு 21 | சந்தேகப்பிராணி

இன்னொன்று மேடம். ஓம் விதிப்படி வோல்ட் குறைந்தால் கரண்ட் குறைய வேண்டும். ஆனால் லோ வோல்ட்டேஜில் மோட்டார் காயில் எரிந்துபோகிறது என்கிறார்கள். குறைந்த வோல்ட், குறைந்த கரண்ட், எப்படி எரியும்?


பதிவு 22 | பிளஸ்டூ டீச்சர்

மோட்டார் ஓம் விதிக்குக் கட்டுப்பட்ட வெறும் மின்தடை இல்லை. அதன் காயிலை மீட்டரில் அளந்தால் இரண்டு மூன்று ஓம்தான் காட்டும். 218ஐ 2.5ஆல் வகுத்தால் 87 ஆம்பியர் வர வேண்டும். ஓடும்போது எடுப்பதோ 11. ஏசியில் காயிலின் தூண்டல் பாதியைத் தடுக்கிறது. அதைவிட முக்கியமானது, சுழல்கிற ரோட்டாரின் காந்தப்புலம் காயிலுக்குள் எதிர்த்து ஒரு வோல்ட்டை உண்டாக்குகிறது. வருகிற வோல்ட்டுக்கும் எதிர்க்கிற வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரண்ட்டை ஓட்டுகிறது.

வோல்ட் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை வர்க்கத்தில் குறையும். 230இல் இருந்து 172க்கு இறங்கினால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். ஆனால் தூக்க வேண்டிய தண்ணீர் அதே ஆழத்தில்தான் இருக்கிறது. ரோட்டார் பின்தங்கும், எதிர் வோல்ட் குறையும், கரண்ட் ஏறும். 10 ஆம்பியர் மோட்டார் 11 எடுத்தால் காயில் சூடு 21 சதவீதம் அதிகம். சப்மெர்சிபிள் குளிர்வதே தன்னைக் கடந்து மேலே போகிற தண்ணீரால்தான். அதுவும் குறைந்து போகிறது.

உறுமுவதற்கும் காரணம் இதுதான். நிற்கிற மோட்டாரில் எதிர் வோல்ட் கிடையாது. ஓடும்போது எடுப்பதைப்போல் நாலு மடங்கு வரை கேட்கும். அந்த நேரத்தில் 3 ஓம் ஒயரிலேயே கணிசமான பங்கு இறங்கிவிட, மோட்டாருக்கு 150 வோல்ட்டை ஒட்டித்தான் கிடைக்கும். ஸ்டார்ட்டிங் இழுவிசை பாதிகூட இல்லை. சாயங்காலம் ஊரே லோடு போடும்போது வீட்டுக்கு வருவதே இன்னும் பத்துப் பதினைந்து வோல்ட் குறைந்தால் உறுமலோடு நின்றுவிடும்.


பதிவு 23 | சந்தேகப்பிராணி

அப்போ ஓம் விதி விதியே இல்லையா?


பதிவு 24 | பிளஸ்டூ டீச்சர்

செம்புக் கம்பிக்கு, நிக்ரோம் கம்பிக்கு, வெப்பநிலை மாறாத வரை அருமையாகப் பொருந்தும். டயோடுக்குப் பொருந்தாது. எல்ஈடி பல்பின் டிரைவர் அதற்கு நேர் எதிராகக்கூட நடக்கும். வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியர் எடுத்து அதே வாட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். பொருளின் குணம் அது, ஆற்றல் அழியாமை மாதிரி எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் இல்லை.

ஒரு கிளைக்கதை சொல்ல அனுமதி வேண்டும். ஜார்ஜ் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அவர் சோதனை செய்ய ஆரம்பித்தபோது கைவசம் இருந்தது வோல்ட்டாவின் பேட்டரி. அதில் கரண்ட் எடுத்தால் வோல்ட் இறங்கிவிடும், சும்மா விட்டால் ஏறும். தோட்டக்காரனின் போர் பெட்டி படுத்துகிற அதே பாடுதான்; பேட்டரிக்குள்ளேயே மின்தடை இருக்கிறதே. 1825இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு இதனால் கோணலாகப் போனது. பிறகு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை (இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தில் வோல்ட் தருவது) எடுத்து, ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணீரிலும் மறு முனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். அதன் வோல்ட் மிகக் கொஞ்சம், ஆனால் அசையாமல் நின்றது. 1826இல் உறவு தெளிவானது, 1827இல் புத்தகமாக வந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் எழுதிவிடுகிற சூத்திரத்துக்கு, வோல்ட்டை நிலையாக நிறுத்துவதே பாதி வேலையாக இருந்திருக்கிறது.


பதிவு 25 | பனங்கீற்று

ஒரு சின்னக் கேள்வி டீச்சர். ஏசியில் எலக்ட்ரான் முன்னும் பின்னும் ஆடுது என்கிறார்கள். 200 மீட்டர் போக அதுக்கு எவ்வளவு நேரம்?


பதிவு 26 | பிளஸ்டூ டீச்சர்

போகவே போகாது. 2.5 ஸ்கொயர் செம்பில் 10 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.3 மில்லிமீட்டர்தான். டிசி என்றாலும் 200 மீட்டர் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏசியில் நொடிக்கு 100 முறை திசை மாறுவதால் ஒரு மைக்ரான் இந்தப் பக்கம், ஒரு மைக்ரான் அந்தப் பக்கம். தலைமுடியின் தடிமனில் மிகச் சிறிய பங்கு. மீட்டர் பெட்டியில் இருக்கிற எலக்ட்ரான் தோப்பைப் பார்த்ததே இல்லை. ஆற்றலைக் கொண்டுபோவது இரண்டு ஒயரையும் சுற்றியிருக்கிற மின்புலமும் காந்தப்புலமும். எலக்ட்ரானின் முதுகில் மூட்டை கட்டி அனுப்புவதில்லை. நான் மேலே 'கூலோம் மின்னூட்டம் போகும்போது' என்று எழுதியதைக் கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.


பதிவு 27 | தோட்டக்காரன்

அலுமினியத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுச் செம்பாலேயே இணைத்தாயிற்று. இப்போது ஓடும்போது போர் பெட்டியில் 179, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 19. தண்ணீர் விழுகிற சத்தமே மாறிவிட்டது. சாயங்காலம் இன்னும் சந்தேகம்தான், ஒயர் மாற்றியே ஆக வேண்டும் போல.

ஒயர்மேன் ஐயா, 6 ஸ்கொயர் போட்டால் எவ்வளவு வரும்? பழைய ஒயரை எடுக்காமல் பக்கத்தில் இன்னொரு ஜோடி 2.5 இழுத்துச் சேர்த்துக் கட்டினால் போதுமா?


பதிவு 28 | ஓய்வுபெற்ற ஒயர்மேன்

6 ஸ்கொயர் கிலோமீட்டருக்கு 3.08 ஓம், உங்கள் 400 மீட்டருக்கு 1.23. பத்தரை ஆம்பியருக்கு 13 வோல்ட் இறங்கும், பெட்டியில் 199 கிடைக்கும். 4 ஸ்கொயர் என்றால் 19 வோல்ட் இறங்கும், 193. அதுவும் ஓடும், ஆனால் புதைக்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஜோடி சேர்ப்பதைக் கணக்கு அனுமதிக்கும், மின்தடை பாதியாகும். நான் அனுமதிக்க மாட்டேன். இரண்டில் ஒன்று நடுவில் அறுந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது, மொத்த லோடும் ஒரே ஒயரில் போகும். ஒரே ஒயராக, நடுவில் ஒட்டே இல்லாமல் இழுங்கள். தவிர்க்க முடியாமல் ஒட்டு வந்தால் மண்ணுக்கு மேலே ஒரு பெட்டி வைத்து அதற்குள் ஸ்க்ரூ கனெக்டரில் போடுங்கள், மண்ணுக்குள் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் விற்கிறது.

ஒயர் மாற்றின பிறகும் ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிற கெப்பாசிட்டரைப் பாருங்கள். இவ்வளவு நாள் லோ வோல்ட்டேஜில் ஒவ்வொரு தடவையும் நீண்ட நேரம் உறுமியதில் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் அடி வாங்கியிருக்கும். மேலே உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டர் முனைகளில் வைத்து உள்ளே தேங்கியிருப்பதை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.